ரிப்பனில் இரண்டு புள்ளி

மகளின் சடையிலிருந்து ரிப்பனை உருவி டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.

அவர் அதை மேசைமேல் நீளமாக விரித்தார். ஒரு முனையில் பேனாவால் ஒரு புள்ளி. மறுமுனையில் இன்னொன்று.

"இது விரல் முளைக்கிறதுக்கான ஜீன். அந்தக் கடைசில இருக்கிறது, எங்க முளைக்கணும், எத்தனைன்னு ஜீனுக்குச் சொல்ற துண்டு. நடுவுல பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து."

பிறகு ரிப்பனை மடித்தார். புள்ளியும் புள்ளியும் ஒட்டிக்கொண்டன.

"செல்லுக்குள்ள இப்படித்தான் மடிஞ்சு கிடக்கு. அதான் அவ்வளவு தூரத்துல இருந்தும் தொட முடியுது."

மகளின் அப்பன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். பங்குனியில் விவாகரத்து ஆகிவிட்டது. ஆவணியில் அவனுக்கு மறுகல்யாணம். மாப்பிள்ளை பக்கம் குறையில்லை என்று புதுப்பெண்ணைப் பெற்றவர் ஒரு காகிதம் கேட்டிருக்கிறார். இல்லாவிட்டால் இந்த மகராசன் ரத்தம் கொடுக்க வந்திருப்பானா?

நிறைமதிக்கு ஆறு வயது. இரண்டு கையிலும் ஆறாறு விரல். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு குட்டை.

பிறந்தபோது எடுத்த சோதனையில் ஜீனை மட்டும் படித்தார்கள். பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது.

"எங்க வமுசத்துல ஆருக்கும் இப்படி இல்ல சாமி. எல்லாம் இவ வயித்துக் கோளாறு."

அந்தச் சொல்லைச் சோற்றோடு பிசைந்து தின்றாள். இரண்டாவது உண்டானபோது கலைக்கச் சொன்னார்கள்.

கலைத்தாள்.

"ஜீன் இல்லாத இடத்தை அப்ப அவங்க பாக்கல. வெறும் இடம்னு விட்டுட்டாங்க," என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்தத் துண்டு மீனுக்கும் கோழிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாப்பது கோடி வருஷமா பெருசா மாறல. பாப்பாவுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

ரிப்போர்ட்டைத் திருப்பினார்.

"அது அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு."

"எனக்கு அஞ்சு விரல்தானுங்களே," என்றான் அவன்.

"பிறந்தப்ப? சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா குதிரைமுடி கட்டி விழ வச்சிருப்பாங்க. யாருக்கும் தெரியாது."

அவனுடைய வலது கை சட்டைப்பைக்குள் போயிற்று.

அவளுக்குத் தெரியும். கட்டைவிரலுக்கு அடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு முண்டு. நூல் மில்லில் மெஷின் பட்டது என்றான், கல்யாணமான புதிதில். மாமியாரும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டாள்.

குதிரைமுடி கட்டியவளே அவள்தானே. பெற்றவளுக்கு மறக்குமா?

சண்டாளி! தெரிந்தேதான் சொன்னாள். தெரிந்தேதான் கலைக்கவும் வைத்தாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

அவன் தொண்டையைச் செருமினான்.

"பழுதில்லைன்னு அன்னைக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்களே, அதுவே எனக்குப் போதுமுங்க டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

அவள் மேசையிலிருந்து ரிப்பனை எடுத்தாள். நிறைமதியைத் திருப்பி நிற்கவைத்து, அவசரப்படாமல் சடையை முடிந்தாள். மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது.

"ரிப்போர்ட்டுல ரெண்டு காப்பி குடுங்கம்மா," என்றாள். "எனக்கு ஒண்ணு. ஆவணியில கழுத்த நீட்டப்போற புள்ளைக்கு ஒண்ணு."