மீசை வைத்த தையல் பரம்பரை

“மூணு தலைமுறையா தைக்கிற கை சார் இது!” என்று தையல் கடை முதலாளி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “எங்க ரத்தத்துலயே ஊறினது.”

சுவரில் அவருடைய தாத்தா, அப்பா, அப்புறம் அவர். மூன்று போட்டோ, மூன்று மீசை. எங்கள் வாரப் பத்திரிகையில் பரம்பரைத் தொழில்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதற்காகத்தான் போயிருந்தேன்.

“அடுத்தது இவன்.”

கல்லாவில் இருந்த மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு வணக்கம் வைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

“மிஷின்ல உக்காந்து தைக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

“தாராளமா!”

முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து பெடலை மிதித்தார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் சிக்கி, பட்டென்று அறுந்தது.

“மிஷின் மக்கர் பண்ணுது. டேய், நீ வா.”

மகன் மிதித்தான். ஊசியே உடைந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அந்த மகனின் மனைவி.

“கொஞ்சம் நகருங்க” என்று வந்தவள், வேறு ஊசி மாட்டி, நூல் கோத்து, சக்கரத்தைக் கையால் முன்பக்கம் ஒரு தள்ளு தள்ளி மிதித்தாள். மிஷின் மளமளவென்று ஓடியது.

“இங்கே தொங்குறதெல்லாம் யாரும்மா தைச்சது?”

“நான்தான் சார். எனக்கு எங்க அத்தை கத்துக்கொடுத்தாங்க. அத்தைக்கு அவங்க மாமியார். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்றவதான் தைப்பா.”

“அப்போ சுவத்துல இருக்கிறவங்க?”

“துணி வாங்கி வைப்பாங்க. தைச்சதை எடுத்துக் கொடுப்பாங்க.”

முதலாளி இருமினார். “பொம்பளைங்க கூடமாட ஒத்தாசை பண்றதுதானே சார். அதையெல்லாமா எழுதுவாங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்தாசையாம் ஒத்தாசை! அதை ஒரு வாரம் நிறுத்தினால் கடை வாசலில் பூட்டுதான் தொங்கும்.

நான் கிளம்பியபோது அவள் வாசல்வரை வந்தாள்.

“என் பேர் வேணாம் சார். எங்க அத்தை பேரை மட்டுமாவது போடுங்க. சாகுற வரைக்கும் தைச்சாங்க. அவங்க போட்டோவை மாட்டலாம்னு கேட்டா, சுவத்துல இடமில்லைன்னுட்டாங்க.”

“ரெண்டு பேர் பேரும் வரும்மா. அது என் பொறுப்பு” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

“உழைக்கிறது ஒருத்தி, பேர் வாங்குறது இன்னொருத்தனா? வாய் கூசாம ஒத்தாசைங்கிறார் அந்த ஆளு! மனுஷன்னா கொஞ்சமாவது வெக்கம் வேணாம்? இவங்களையெல்லாம் நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கணும்!”

சாயங்காலத்துக்குள் கட்டுரை தயார். வரிக்கு வரி அனல் பறந்தது. மாமியார் பேர், மருமகள் பேர் இரண்டும் முதல் பத்தியிலேயே இருந்தன. அந்தச் சுவரைப் பற்றிய இடத்தை நானே இரண்டு தடவை படித்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை.

“எப்பவும்போல பின்னிட்டே போ! கீழே என் பேரைப் போட்டு ஆபீசுக்கு அனுப்பிடு” என்றேன் மனைவியிடம்.