நாலாவது பட்டனின் நிறம்

"காசே வாங்காத பட்டன் எதுக்கு அங்கிள் பச்சையா மாறணும்?"

ராகினி தயங்கியபடி கேட்டாள். மலேசியாவின் கிளேபாங்கில் ஹனிபாவின் சாப்பாட்டுக் கடைக்கு, வாடிக்கையாளர்களே ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டும் தொடுதிரை. வேலைக்குச் சேர்ந்து அவள் தனியாகச் செய்யும் முதல் புரோகிராம்.

பட்டன்களுக்கு அவள்தான் நிறம் வகுத்தாள். சும்மா இருந்தால் சாம்பல், அமுக்கினால் நீலம், பணம் வந்துவிட்டால் பச்சை. கார்டு, கியூஆர், இ-வாலட் மூன்றும் சரி. ஹனிபா கேட்கும் நாலாவதுதான் உறுத்தியது. 'மற்றவை' என்று பெயராம். பணம் வராதாம், ஆனாலும் அந்த மூன்றையும் போலவே பச்சை காட்ட வேண்டுமாம்.

"அது பொய்லா, அங்கிள்."

"பொய்தான். சொன்னதைப் போடும்மா. எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

வரி ஏய்ப்பா? கூட்டாளி யாரையாவது ஏமாற்றுகிறாரா? மாட்டிக்கொண்டால் புரோகிராம் எழுதியவளைத்தானே முதலில் பிடிப்பார்கள்!

தன் கம்பெனி மேனேஜர் ஷங்கருக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. பயம் தாங்காமல், ஹனிபாவிடம் சொல்லாமலே அந்தப் பட்டனுக்கு மட்டும் ஆரஞ்சு கொடுத்துவிட்டாள். தப்புக்குத் துணை போகவில்லை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியக் கூட்டம் சேர்ந்தது. வாசலில் ஹனிபா ஒருவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லி அனுப்பினார். பள்ளிச் சீருடையில் இருந்த மகளின் கையைப் பிடித்தபடி வந்த அந்த மனிதர், நேராக நாலாவது பட்டனை அமுக்கினார்.

'ஓ, இந்த ஆளும் கூட்டா!' ராகினி முடிவே கட்டிவிட்டாள்.

திரை பளிச்சென்று ஆரஞ்சு காட்டியது.

"என்னாண்ணே, உங்களுக்கு மட்டும் வேற கலரு? காசு போகலையா?" பின்னால் நின்ற இளைஞன் சத்தமாகக் கேட்டான். வரிசையே எட்டிப் பார்த்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்புறம் வரலாம், வாம்மா" என்று மகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

ஹனிபா ஓடிவந்து திரையைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று ராகினி நினைத்தாள். அவர் கத்தவில்லை, குரல்தான் உடைந்திருந்தது.

"கையில காசு இல்லாதவங்க அமுக்குற பட்டன்மா அது. பின்னால நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பச்சை கேட்டேன்."