அப்பாவின் ரத்தம்

ராஜபாளையத்துக் குழந்தை டாக்டர் மூவரின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செலினா பிள்ளையைப் பெஞ்சில் கிடத்திவிட்டுக் கணவனோடு அவர் முன்னால் நின்றாள். பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கிற என்சைம் பிள்ளைக்குக் குறைவு என்று பிறந்ததுமே தாய்ப்பாலை நிறுத்திவிட்டார்கள். வற்றிவிடக் கூடாதே என்று அவள் பீய்ச்சிக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வரும் கணவன் ஜெர்வினையும் குளிக்காமல் பிள்ளையைத் தொட விடுவதில்லை.

"பிள்ளைக்கு ஒரே கோளாறான ஜீன் உங்ககிட்டேயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டேயிருந்து ஒண்ணு வந்திருக்கும்மா. ஆனா பிள்ளையோட அப்பாவுக்கும் ரெண்டு ஜீனுமே அதே கோளாறுதான்."

"இயேசப்பா, இவியளுக்குமா!" செலினா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெர்வின், உங்களுக்குப் பால் ஒத்துக்குமா?"

ஜெர்வின் திருதிருவென்று விழித்தான். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா மாஸ்டர் சார் நான். கிண்டி இறக்குற ஒவ்வொரு சட்டியையும் ருசி பாத்துத்தான் கடைக்கு அனுப்புவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப லேப்ல சொன்னது சரிதான். இந்தக் கோளாறுல என்சைம் பாதி வேலை செய்யுது. உங்களுக்கு அது போதும்னா பிள்ளைக்கும் போதும். தாராளமா பால் குடுங்க."

செலினா பிள்ளையை வாரியெடுத்து, முந்தானையை இழுத்து மூடி, அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.