பாதி இலை

கண்காட்சிப் பந்தலின் மூன்றாம் மேசையில் பண்ணைக்காரரின் பூ பூத்திருந்தது.

வெள்ளை இதழ்கள், அவற்றுள் ஒன்றில் மட்டும் சிவப்புக் கீற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அவருடைய நாற்றுப்பண்ணையில், ஒரு கமேலியாச் செடியின் ஒரே கிளையில் இயற்கை காட்டிய விந்தை அது. தேயிலைக்கு உறவான அச்செடிக்குப் புளிப்பு மண் தேடிக் கொணர்ந்து, சுண்ணாம்பு கலந்த நீர் ஒரு சொட்டும் படாமல் மழைநீரையே வார்த்து, கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். அப்பூவுக்கு மனைவியின் பெயரைச் சூட்டுவதென்று முடிவும் செய்திருந்தார்.

மேசையிலிருந்த இந்தத் தொட்டியின் அட்டையிலோ, வளர்த்தவர் என்று மனைவியின் அண்ணன் பெயர் இருந்தது.

“என்ன மாப்பிள, இப்படி மொறச்சா பூ கூச்சப்படும்ல!” என்று மைத்துனர் மேசைக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

மூன்றாண்டுகளுக்கு முன் அக்கிளையில் நான்கு நுனிகள் வெட்டப்பட்டுக் காணாமற்போயின. இருபது ஆண்டுகள் உடனுழைத்த தோட்டக்காரரைப் பண்ணைக்காரர் அன்றே வெளியேற்றினார். அந்த மனிதர் தம் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

“அப்பவே சொன்னேன்ல, அந்த ஆளோட வேலைதான்னு,” என்றாள் அருகில் நின்ற மனைவி. “பாவம் அண்ணன், தெரியாம அவர்கிட்ட வாங்கியிருக்காரு.”

பண்ணைக்காரர் குனிந்து தண்டின் அடியைப் பார்த்தார்.

வெட்டிய நுனியை நடும்போது, அது வாடாதிருக்க இலைகளைப் பாதியாக நறுக்குவது அவர் வழக்கம். அதை அவர் இருவருக்கே கற்பித்திருந்தார். கமேலியா இலை எளிதில் உதிர்வதில்லை. அன்று நறுக்கிய இரண்டு பாதி இலைகள் இன்னும் பச்சையாகவே நின்றன.

தோட்டக்காரரின் கத்தி நேராக வெட்டும். இந்த வெட்டோ வரிசையாகப் பல் பல்லாக இருந்தது.

அவருக்கு நெற்றி வியர்த்தது.

“தொடச்சுக்குங்க,” என்று மனைவி ஒரு கைக்குட்டையை நீட்டினாள். அவளுடைய தையற்கடையில் மிஞ்சிய துணி. ஓரத்து நூல் பிரியாதிருக்க, அதற்கென்றே உள்ள பல்வைத்த கத்தரிக்கோலால் அவளே வெட்டியது.

வாங்கியவர் துடைக்கவில்லை. அதன் ஓரத்தை இலையின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

பற்கள் பிசகாமல் பொருந்தின.

மனைவி சட்டென்று அண்ணனைப் பார்த்தாள்.