நீங்க ஆக்கினது போக

ஒரு நட்சத்திரம் செத்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்கிய உடம்பு, இப்போது பச்சையும் சிவப்புமாய்ப் புகைந்து வானத்தில் பரவிக் கிடந்தது. திரும்பிப் பார்க்க நாதியில்லை.

ஒருநாள் பூமியிலிருந்து ஒரு தொலைநோக்கி அதை உற்றுப் பார்த்தது. நட்சத்திரத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"என் ஹீலியத்தை அளக்கத்தானே வந்தீங்க? நல்லா அளந்துக்கங்க. உசிரைக் கொடுத்து ஆக்கினது."

"அதுதாங்க தொந்தரவு," என்றது தொலைநோக்கி. "பிரபஞ்சம் பிறந்தப்போ ஹீலியம் எவ்வளவு இருந்துச்சுன்னு பார்க்க வந்தேன். நீங்க ஆக்கினதைக் கழிச்சாத்தான் அந்தக் கணக்கு வரும்."

"கழிச்சதை என்ன செய்வீங்க?"

"அது எதுக்குங்க? தூக்கிப் போட்டுருவோம்."

நட்சத்திரம் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தது. தொலைநோக்கி அதற்குள் முகத்தைத் திருப்பி, பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து ஒன்றுமே ஆக்காமல் சும்மா கிடந்த ஒரு வாயு மேகத்தைக் கண்டு குழைந்தது.

"ஐயா, உங்களை மாதிரி சுத்தமான ஆளைத்தான் இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்!"