வெளுத்த பச்சை

"நாலு மணிக்குள்ள தடயமே தெரியக் கூடாதுண்ணா. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது."

ஜாஸ்மின் இதைச் சொன்னது இரண்டு கால்களிடம். கேம்ப் ரோட்டுப் பட்டறையில், ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார் பெயிண்டர் சேட்டு. கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"ஆளை அடிச்சிட்டு வந்துகீறியா மா? போலீஸ் கேஸுன்னா நான் கை வெக்க மாட்டேன்."

"ஐயோ, ஆள் இல்லண்ணா. கரண்ட் கம்பம்."

ஆளை அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். தெருவில் நின்ற பழைய ஜீப்பின் இடது மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து தகரம் பல்லிளித்தது. அது அவள் மாமனார் ஏசுபாதத்தின் ஜீப்.

ஏலத்தில் எடுத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. "எங்க வீட்டுக்காரர் கையில இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று மாமியார் கனகவல்லி சேலையூர் முழுக்கப் பெருமையடித்துக்கொள்வார். சொந்தப் பிள்ளை ஜோஷ்வா ஒரே ஒரு தடவை கேட்காமல் எடுத்துப் போய்ச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு, எட்டு மாதம் அவனோடு பேசவில்லை மனிதர். பெற்ற பிள்ளைக்கே எட்டு மாதம் என்றால், கல்யாணமாகி மூன்று மாதமே ஆன மருமகளுக்கு?

இன்று காலை மாமனாரும் மாமியாரும் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலேறியிருந்தார்கள். ஜோஷ்வா வேலைக்குப் போய்விட்டான். ஜாஸ்மினுக்கு மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ஸ்கூட்டர் மக்கர் பண்ணியது, ஆட்டோவும் சிக்கவில்லை, ஜீப் சாவியோ ஆணியில் தொங்கியது. விதி யாரை விட்டது? திரும்பி வரும்போது எதிரே வந்த தண்ணி லாரிக்கு ஒதுங்கியவள், கம்பத்தோடு தேய்த்துவிட்டாள்.

"இன்னா கலரு?" என்று கேட்டது வேனின் அடிப்பகுதி.

"பச்சை. ஆனா வெளுத்த பச்சை."

"சர்தான். புது கலருன்னா நம்பரைச் சொன்னா கடையில கலக்கிக் குடுத்துடுவான். வெயில்ல வெளுத்த கலருக்கு ஏது மா நம்பரு? ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி வெளுக்கும். கண்ணாலயே பாத்துப் பாத்துக் கலக்கணும். ரெண்டு நாளு ஆவும்."

ரெண்டு நாள்! கிடந்த டயர் மேல் உட்கார்ந்து ஜாஸ்மின் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா நாலு மணிக்கு வந்துடுவாருண்ணா. பாத்தா என்னை எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடுவாரு."

சேட்டு ஊர்ந்து வெளியே வந்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அழுவாத மா. மூணு மணிக்கு ரெடியாயிடும்."

உள்ளே போய்ப் பரண் மேலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தார். தூசியைத் துடைத்து, குலுக்கி, ஒரு சொட்டை மட்கார்டில் தொட்டு வைத்தார். காய்ந்த பிறகு அந்தச் சொட்டு எங்கே என்று ஜாஸ்மினுக்கே தெரியவில்லை. கர்த்தர் கைவிடவில்லை என்று அவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

மட்கார்டை நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, மினுமினுப்புப் போக நைசான உப்புத்தாளால் தேய்த்து, சொன்னபடி மூன்று மணிக்கு சாவியைக் கொடுத்தார். ஜாஸ்மின் ஜீப்பைப் பழைய இடத்திலேயே, பழைய கோணத்திலேயே நிறுத்தினாள். ஆனால் தின்னர் வாசனை மட்டும் போகமாட்டேன் என்றது. வாசல் முழுக்க ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட் திறந்தது. மாமியார் பட்டுப்புடவையை மாற்ற நேராக உள்ளே போனார். மாமனார் நேராக ஜீப்பிடம் போனார்.

ஜன்னல் வழியாக ஜாஸ்மின் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசுபாதம் வலது பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார், இடது மட்கார்டு அருகே வந்ததும் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். குனிந்து கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"ஜாஸ்மின்!"

எப்படி வாசலுக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"இங்க யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் மாமா... கேட்காம எடுத்துட்டேன். கம்பத்துல இடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க மாமா. இனிமே ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்." சொல்லச் சொல்ல அழுகை பெரிதாகியது.

"அங்க என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து கனகவல்லி கேட்டார்.

ஏசுபாதத்தின் முகம் வெளிறிப்போனது. பாய்ந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணுமில்ல, நீ புடவையை மாத்து!"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்தார். குரல் கிசுகிசுவென்று இறங்கியது.

"சேட்டுகிட்டதானே குடுத்தே?"

ஜாஸ்மின் விக்கலோடு தலையாட்டினாள்.

"மெதுவா அழும்மா... நான் இடிச்ச அஞ்சு தடவையே உங்க அத்தைக்குத் தெரியாது!"