மூன்றாவது விசில்

மாலை ஏழு மணிக்கு விடுதிச் சமையலறையில் குக்கரை ஏற்றிவிட்டு, மூன்றாவது விசில் வரும்வரை சன்னலருகே சும்மா நிற்பது தமயந்தியின் வழக்கம். படிக்க வந்த அந்தக் குளிர்நாட்டில், அதைக் கேட்டால்தான் ஒரு நாள் கழிந்ததாக அவளுக்குப் படும். பக்கத்து அறை மார்த்தா புகார் எழுதினாள். காப்பாளர் குக்கரை எடுத்துச் சென்றார். தமயந்தி அன்று முதல் ரொட்டி தின்றாள். நாளடைவில் கிழமைகள் அவளுக்கு மறந்துபோயின.

ஒரு மாலை ஏழு மணிக்கு, மூடிய பாத்திரத்துடன் மார்த்தா வாசலில் நின்றாள்.

"குக்கர் வெடித்துவிடும் என்று பயந்துதான் எழுதினேன். சோறு குழைந்துவிட்டது, திட்டாதே."

"உள்ளே வா."

"பொறு, இன்னும் வேகவில்லை" என்ற மார்த்தா, உதட்டைக் குவித்து விசிலடித்தாள். இரண்டு வந்தன. மூன்றாவதற்கு வெறும் காற்றுதான் வந்தது.

தமயந்தி சன்னலருகே போய் நின்றுகொண்டாள்.